பெயருக்கு முன்னால் ஓர் ஊர்: தஞ்சாவூர் பாலசரஸ்வதி



நம்ம செஞ்சியிலிருந்து வந்தவாசி தாண்டிப் போனால் காஞ்சிபுரம். அந்த ஊரில்தான் 1925-ஆம் ஆண்டு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி சலங்கை கட்டி அரங்கேறினாள். அவள்தான் பின்னாளில் உலகம் கொண்டாடிய டி. பாலசரஸ்வதி.

1918 மே 13-இல் சென்னையில் பிறந்தவர். பாட்டி வீணை தனம்மாள். தாயார் ஜயம்மாள் நல்ல பாடகி. ஆனாலும் அந்த வீட்டிலேயே நாட்டியம் வேண்டாம் என்ற பயம் இருந்தது. காரணம், சதிர் என்றாலே ஊர் முகம் சுளித்த காலம் அது. தேவதாசி மரபில் வந்த பெண் ஆடினால் என்ன பேச்சு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஜயம்மாள் துணிந்து, தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்பப் பிள்ளையிடம் மகளை ஒப்படைத்தார். கண்டிப்பான வாத்தியார்! அபிநயத்துக்கு மயிலாப்பூர் கௌரி அம்மாள் பெரிய முன்மாதிரி.

1933-இல் சென்னை மியூசிக் அகாடமி மேடை. பிறகு வடநாடு. ஆனால் 1941-இல் குரு மறைந்தார். உடல்நலமும் படுத்தியது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947-இல் சட்டம் தடை செய்தது. சிறுமிகளைக் காக்க அது தேவைதான். ஆனால் கலையைக் காத்த குடும்பங்களின் மதிப்பும் சேர்ந்தே அடிபட்டது. சதிர் 'பரதநாட்டியம்' ஆனது; மற்ற வீட்டுப் பெண்கள் ஆட வந்தார்கள். சிருங்காரத்தைக் குறைக்க வேண்டும் என்ற குரலும் எழுந்தது. பாலா ஒத்துக்கொள்ளவே இல்லை. சிருங்காரம்தான் இக்கலையின் பக்தி என்று கடைசிவரை நின்றார். பதத்தைத் தானே பாடிக்கொண்டே ஆடுவார். அவருக்குப் பாட்டும் ஆட்டமும் வேறில்லை.

1953-இல் மியூசிக் அகாடமியில் அவர் பொறுப்பில் நாட்டியப் பள்ளி தொடங்கியது. 1955-இல் சங்கீத நாடக அகாடமி விருது, 1957-இல் பத்மபூஷண். 1961-இல் டோக்கியோ, 1962-இல் அமெரிக்கா, 1963-இல் எடின்பரோ. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார். தம்பிகள் ரங்கநாதனும் விஸ்வநாதனும் அங்கே மிருதங்கமும் புல்லாங்குழலும் கற்பித்தவர்கள். 1973-இல் சங்கீத கலாநிதி. இசைக்கான அந்தப் பட்டம் நடனக் கலைஞருக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. சிறுவயதிலேயே அவர் ஆடியதைப் பார்த்திருந்த சத்யஜித் ராய் 1976-இல் 'பாலா' என்ற ஆவணப்படம் எடுத்தார். அடுத்த ஆண்டு பத்மவிபூஷண். 1984 பிப்ரவரி 9-இல் மறைந்தார். மகள் லட்சுமி அந்த ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

பொறியாளனான எனக்கு நாட்டிய இலக்கணம் தெரியாது. ஆனால் ஒன்று மனசில் நின்றுவிட்டது. பாலா பிறந்ததும் வளர்ந்ததும் சென்னை. முன்னோர் அரசவையில் பாடி ஆடிய தஞ்சாவூரின் பெயர்தான் அந்த 'டி'. எந்த மரபைச் சொல்லி ஊர் இளக்காரம் செய்ததோ, அந்த மரபின் ஊர்ப்பெயரை அவர் எடுக்கவே இல்லை.

முதல் இண்டர்வியூவில் எந்த ஊர் என்று கேட்டபோது, செஞ்சி என்று சொல்லக் கூச்சப்பட்டு, 'பாண்டிச்சேரி பக்கம் சார்' என்று சொன்னவன் நான். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள். செஞ்சி என்றே சொல்லுங்கள்.