சோடா தண்ணீரைக் கண்டுபிடித்தவரின் வீட்டை ஏன் கொளுத்தினார்கள்? ஜோசப் பிரீஸ்ட்லியின் கதை

சனிக்கிழமை ராத்திரி வீட்டிலேயே ஒரு காக்டெயில் போட பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. உயரமான கிளாஸ் நிறைய ஐஸ், 45 மில்லி வோட்கா, 20 மில்லி எலுமிச்சைச் சாறு, அதே அளவு சர்க்கரைப் பாகு. நன்றாகக் கலக்கிவிட்டு, கடைசியில் 120 மில்லி சில்லென்ற சோடாவை ஊற்றி, ஸ்பூனால் ஒரே ஒரு சுற்று. அவ்வளவுதான். சோடாவை முதலிலேயே ஊற்றிக் கலக்கினால் கேஸ் எல்லாம் போயிடும். ஃபிரிட்ஜில் வைக்காத சோடாவும் வேலைக்கு ஆகாது; தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியோ, அவ்வளவு கார்பன் டை ஆக்சைடு அதில் கரைந்து நிற்கும். வோட்காவுக்கென்று பெரிய சுவை கிடையாது. கொண்டாட்டம் முழுக்க எலுமிச்சை, சர்க்கரை, அப்புறம் அந்தக் குமிழிகள். (குடிக்காதவர்கள் வோட்காவை மட்டும் விட்டுவிடலாம். லெமன் சோடா ரெடி!)

அந்தக் குமிழிகளைத் தண்ணீருக்குள் கொண்டுவந்தவர் ஒரு மதபோதகர். பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஆக்சிஜன் பாடத்தில் வருவாரே, அதே ஜோசப் பிரீஸ்ட்லிதான்.

பீர் ஆலைக்குப் பக்கத்து வீடு

1733-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு அருகே, கம்பளித் துணித் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட, அத்தை வளர்த்தார். பேச்சு திக்கும். குடும்பம் அரசு ஆதரவு பெற்ற இங்கிலாந்து திருச்சபையைச் சேர்ந்ததும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் அன்று ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ பட்டம் வாங்க முடியாது. எனவே, தங்களுக்கென்று அவர்கள் நடத்திய கல்விக்கூடத்தில்தான் படித்தார். திக்குவாயோடே போதகர் ஆனார், ஆசிரியரும் ஆனார். லண்டனில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினோடு ஏற்பட்ட பழக்கம் அவரை அறிவியல் பக்கம் இழுத்தது.

1767-ல் லீட்ஸில் உள்ள ஒரு சபைக்குப் பொறுப்பேற்றார். அங்கே குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பீர் ஆலை. புளித்துக்கொண்டிருக்கும் பீர் தொட்டிகளின் மேல் ஒரு காற்று படலமாக நிற்பதைக் கவனித்தார். எரியும் குச்சியைக் காட்டினால் அணைந்தது. புகை அதன் மேலேயே மிதந்தது. சாதாரணக் காற்றைவிட கனமானது என்பது புரிந்துவிட்டது. அந்தப் படலத்துக்குள் இரண்டு பாத்திரங்களைப் பிடித்துக்கொண்டு, டீ ஆற்றுவதுபோல தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்தார். தண்ணீரில் ஒரு சுறுசுறுப்பு ஏறியது. ஐரோப்பாவில் சில ஊற்றுகளில் இயற்கையாகக் கிடைத்து, மருந்து என்று காசு கொடுத்து வாங்கப்பட்ட தண்ணீரின் அதே சுவை.

பீர் ஆலை இல்லாமலும் இதைச் செய்ய வழி கண்டார். சுண்ணாம்புக்கல் தூளில் கந்தக அமிலத்தை விட்டு, வரும் வாயுவை ஒரு பன்றியின் சிறுநீர்ப்பையில் பிடித்து, தண்ணீருக்குள் செலுத்திக் குலுக்க வேண்டும். (அந்தப் பையால் தண்ணீரில் வேறொரு வாடை வருகிறது என்று பின்னாடி ஒருவர் குறை சொன்னார். நியாயமான குறைதான்.) 1772-ல் இந்தச் செய்முறையை அப்படியே ஒரு சிறு நூலாக வெளியிட்டார். கடற்படை மாலுமிகளைக் கொன்றுகொண்டிருந்த ஸ்கர்வி நோயை இந்தத் தண்ணீர் குணப்படுத்தும் என்று நம்பினார். அது தப்பு, அதற்கு வேண்டியது வைட்டமின் சி. ஆனாலும் 1773-ல் ராயல் சொசைட்டி தன் உயரிய காப்லி பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது.

காசு யாருக்குப் போனது?

நிச்சயம் பிரீஸ்ட்லிக்கு இல்லை. காப்புரிமை எதுவும் அவர் வாங்கவில்லை. ஜெனீவாவில் ஜேக்கப் ஷ்வெப் என்பவர் 1783-ல் சோடாவைத் தொழிலாக மாற்றினார். சூப்பர் மார்க்கெட்டில் டானிக் வாட்டர் தேடும்போது கண்ணில் படும் ஷ்வெப்ஸ் அவர் பெயர்தான். நம்ம ஊர் கோலி சோடா பாட்டிலும் 1870-களில் இங்கிலாந்தில் ஹிராம் காட் உருவாக்கிய வடிவம்.

பிரீஸ்ட்லி அடுத்த வாயுவைத் தேடிப் போனார். 1774 ஆகஸ்டில் பாதரச ஆக்சைடை லென்ஸால் சூடாக்கி ஆக்சிஜனைப் பிரித்தார். அதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டது பாரிஸில் இருந்த லவாய்சியர். பிரீஸ்ட்லி கடைசிவரை பழைய கோட்பாட்டையே பிடித்துக்கொண்டிருந்தார்.

1791 ஜூலை 14

மதத்திலும் அரசியலிலும் ஊரோடு ஒத்துப்போகிற ஆள் இல்லை அவர். இயேசு கடவுள் என்பதை ஏற்கவில்லை. தன் போன்ற சிறுபான்மைச் சபையினருக்குச் சம உரிமை கேட்டார். பிரெஞ்சுப் புரட்சியை வரவேற்றார். மூடநம்பிக்கைக்கு அடியில் வெடிமருந்து வைப்பதுபோல என்று உவமையாக எழுதியதைப் பிடித்துக்கொண்டு, 'வெடிமருந்து ஜோ' என்று பட்டம் கட்டினார்கள்.

பாஸ்டில் சிறை வீழ்ந்த இரண்டாம் ஆண்டு நாளில் பர்மிங்காமில் ஒரு விருந்து நடந்தது. பிரீஸ்ட்லி அதற்குப் போகவே இல்லை. வீட்டில் மனைவி மேரியோடு பேக்கமன் ஆடிக்கொண்டிருந்தார். கும்பல் முதலில் அவரது தேவாலயத்தைக் கொளுத்தியது, பிறகு வீட்டை நோக்கி வந்தது. இருவரும் தப்பியோடினார்கள். ஆய்வகம், நூலகம், பல வருட உழைப்பில் எழுதிய கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் போயின. கலவரத்தைக் கண்டித்த அரசர் மூன்றாம் ஜார்ஜ், அடி வாங்கியது பிரீஸ்ட்லி என்பதில் தனக்குத் திருப்தி என்பதையும் அமைச்சரிடம் மறைக்கவில்லை. பதக்கம் கொடுத்த ராயல் சொசைட்டியில் பழைய நண்பர்கள் பலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீடு சாம்பலான அடுத்த வருடம், 1792-ல், ஷ்வெப் லண்டனுக்கு வந்து சோடா தொழிலைத் தொடங்கினார்.

1794-ல் 61 வயதில் பிரீஸ்ட்லி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அவர் நடுக்கடலில் இருந்தபோதுதான் பாரிஸில் புரட்சி அரசு லவாய்சியரின் தலையை வெட்டியது. பென்சில்வேனியாவில் நார்தம்பர்லாந்து என்ற சிற்றூரில் வீடு கட்டி, மறுபடியும் ஒரு ஆய்வகம் அமைத்தார். பேராசிரியர் வேலை தேடி வந்தது, மறுத்துவிட்டார். 1795-ல் மகன் ஹென்றியும், 1796-ல் மேரியும் இறந்தார்கள். அதன் பிறகும் ஆய்வை விடவில்லை. 1804 பிப்ரவரி 6-ல் அங்கேயே காலமானார்.

ஆக்சிஜனுக்கு நூறு வயதான 1874-ல், அமெரிக்க வேதியியலாளர்கள் அந்த ஊரில் கூடினார்கள். அங்கே தொடங்கிய பேச்சுதான் இரண்டு வருடத்தில் அமெரிக்க வேதியியல் சங்கமாக ஆனது. அவர் கட்டிய வீடு இன்று அருங்காட்சியகம்.