விறகுக் கட்டோடு போன மாணவர்

மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டாம் திருப்பலி முடிந்ததும் எங்கள் பங்கு மண்டபத்தில் அரிசிச் சிப்பங்களைப் பிரித்து ஐந்து ஐந்து கிலோவாகக் கட்டுவோம். கூடவே துவரம் பருப்பு, எண்ணெய், சர்க்கரை, இரண்டு சோப்பு. புனித வின்சென்ட் தே பவுல் சபை உள்ள பங்குகளில் இது பழக்கமான காட்சிதான். சபையின் பெயரை வைத்து, புனித வின்சென்ட்தான் இதைத் தொடங்கினார் என்று எங்களில் பலரே வெகுகாலம் நினைத்திருந்தோம். அவர் 1660-லேயே இறந்துவிட்டார். சபையைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் இருபது வயதுக் கல்லூரி மாணவர். எங்கள் சபையிலோ இன்று ஐம்பது வயதுக்குக் குறைந்தவர் ஒருவரும் இல்லை.

அந்த மாணவர் பிரடெரிக் ஓசானாம். 1813 ஏப்ரல் 23-இல் மிலான் நகரில் பிறந்து, பிரான்சின் லியோன் நகரில் வளர்ந்தவர். தந்தை மருத்துவர், ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர். 1837-இல் ஓர் ஏழை நோயாளியைப் பார்க்கப் போன இடத்தில் படிக்கட்டில் தவறி விழுந்து அவர் இறந்தார்.

லியோன் நமக்கு அந்நியமான ஊர் அல்ல. நமது கோவை மறைத்தளத்தின் முதல் ஆயர் மரியோன் தே பிரேசியாக்கும் ஓசானாமும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். பிரேசியாக் ஆண்டகை பின்னாளில் ஆப்பிரிக்க மறைபரப்புக்கென ஒரு சபையை நிறுவியதும் லியோனில்தான். அது பட்டுத்தறிகளின் ஊர். 1831 நவம்பரில் கூலியை நிர்ணயிக்கக் கேட்டு நெசவாளர்கள் அங்கே கிளர்ந்தெழுந்தார்கள். சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு அந்தக் கோரிக்கையை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே மாதத்தில்தான் ஓசானாம் சட்டம் படிக்கப் பாரிசுக்குப் போனார். மறு ஆண்டு அந்நகரில் காலரா பரவி 18,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாணவர்களின் விவாதக் கூட்டங்களில் அவர் திருச்சபைக்காக வாதாடுவார், நன்றாகவே வாதாடுவார். ஒருநாள் எதிரணி மாணவர்கள், கிறிஸ்தவம் ஒரு காலத்தில் நல்லது செய்தது உண்மைதான், இன்று இந்த ஊர் ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார்கள். அதற்கு அவரிடம் பதில் இல்லை. தானும் ஒரு நண்பரும் குளிர்காலத்துக்கென வாங்கி மிஞ்சியிருந்த விறகைத் தூக்கிக்கொண்டு போய் ஓர் ஏழையிடம் கொடுத்தார்கள்.

1833 ஏப்ரல் 23 அன்று, அவருடைய இருபதாவது பிறந்தநாளில், ஏழு பேர் கூடினார்கள். ஆறு பேர் மாணவர்கள். தலைமை தாங்கிய எம்மானுவேல் பைய்யி என்பவர் மட்டும் நடுவயதை நெருங்கியவர். ஆர்வம் இருந்தது, அனுபவம் இல்லை. மூஃப்தார் வட்டாரத்துச் சேரிகளில் நெடுங்காலம் உழைத்துவந்த அருட்சகோதரி ரோசலி ரெந்துதான் குடும்பங்களின் முகவரிகளையும், ரொட்டிக்கும் இறைச்சிக்குமான சீட்டுகளையும் கொடுத்து, எப்படிப் பேச வேண்டும் என்று பழக்கினார். அவர் இல்லையென்றால் அந்த இளைஞர்கள் இரண்டு மாதத்தில் களைத்துப் போயிருப்பார்கள் என்பது எங்கள் எண்ணம். வாரம்தோறும் கூட்டம்; யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி ஒரு பை சுற்றி வரும்; பிறகு வீடுகளைச் சந்திப்பது. எங்கள் சபையில் இன்றும் அந்தப் பை சுற்றி வருகிறது.

ஓசானாம் வற்புறுத்தியது வீடு தேடிப் போவதை. பசியையும் குளிரையும் மட்டும் பார்க்கிற உதவி மனிதரைத் தாழ்த்துகிறது, அவருடைய குடும்பத்தையும் கருத்தையும் மதித்து உட்கார்ந்து பேசுகிற உதவி அவரை உயர்த்துகிறது என்ற பொருளில் 1848-இல் அவர் எழுதினார். நாளை நமக்கும் அவருடைய ஆறுதல் தேவைப்படலாம் என்பதையும் சேர்த்தே எழுதினார்.

இதை நாங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் அலைச்சலைக் குறைக்க, குடும்பங்களையெல்லாம் மண்டபத்துக்கு வரச்சொல்லி, வரிசையில் நிறுத்திப் பைகளைக் கொடுத்துப் படமும் எடுத்தோம். அடுத்த மாதம் இரண்டு குடும்பங்கள் வரவில்லை. விசாரித்தபோது, படத்தைப் பள்ளியில் மற்ற பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அதிலிருந்து மறுபடியும் இரண்டு இரண்டு பேராக லைன் வீடுகளுக்கே போகிறோம். டீ போட்டுக் கொடுத்தால் குடித்துவிட்டுத்தான் வருகிறோம். அந்த இரண்டு வீடுகளில் ஒன்று எங்களை உள்ளே அழைக்கவே ஆறு மாதம் ஆயிற்று.

ஓசானாம் துறவி ஆகவில்லை. 1841-இல் அமேலி என்ற பெண்ணை மணந்தார். சொர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். திருமணம் 23-ஆம் தேதி நடந்ததால் ஒவ்வொரு மாதமும் அந்தத் தேதியில் மனைவிக்குப் பூக்கள் கொடுப்பாராம். ஒரு புத்தாண்டு நாளில் நடந்ததையும் சொல்வார்கள். வறுமையில் விழுந்த ஒரு குடும்பம் தன் பழைய மர அலமாரியை அடகு வைத்திருந்தது. அதை மீட்டுக் கொடுக்கலாமா என்று மனைவியிடம் கேட்டார். அவர் யோசித்து, வேண்டாம் என்றார். மாலையில் மகள் மரிக்கு வந்த பொம்மைகளைப் பார்த்தபடி அவர் வாடிய முகத்துடன் இருக்கவே, போய் மீட்டுக் கொடுங்கள் என்று மனைவியே அனுப்பிவைத்தார். அலமாரி அந்த வீட்டுக்குத் திரும்பியது.

அரிசிப் பையோடு கடமை முடிந்தது என்று அவர் நினைத்ததும் இல்லை. தொழிலாளியை இயந்திரமாக நடத்துவதையும் குறைந்த கூலியையும் லியோனில் சட்டம் கற்பித்தபோதே கண்டித்தார். 1848 ஜூனில் பாரிஸ் தெருக்களில் சண்டை மூண்டபோது, சமாதானம் பேச வரும்படி பேராயர் ஆஃப்ரிடம் நண்பர்களோடு போய் வேண்டினார். பேராயர் தடுப்பரண்களுக்குப் போய்க் குண்டடிபட்டு இறந்தார். அந்தத் துயரம் ஓசானாமை விட்டு நீங்கவில்லை.

நோயுற்ற அவர் 1853 செப்டம்பர் 8, அன்னை மரியாவின் பிறப்பு விழாவன்று மார்செய் நகரில் இறந்தார். வயது நாற்பது, மகளுக்கு எட்டு. பத்து ஆண்டுகள் கழித்து, 1863-இல், சபை இந்தியாவுக்கு வந்தது. 1997 ஆகஸ்ட் 22 அன்று, உலக இளையோர் நாட்களுக்காகப் பாரிஸ் வந்திருந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அருட்சகோதரி ரோசலிக்கு அந்தப் பேறு 2003-இல் கிடைத்தது.