சொற்சிக்கனச் சான்றோர் பால் டிராக்

கவிதையின்பால் சிறிதும் நாட்டமில்லாத ஓர் இயற்பியலறிஞரைக் கவிஞர் அவையில் நினைவுகூர்வது பொருந்துமா எனச் சிலர் ஐயுறக்கூடும். 1927இல் கோட்டிங்கன் நகரில் தம்மோடு ஒரே இல்லத்தில் தங்கியிருந்த ஓப்பன்ஹைமர் கவிதையும் எழுதுவதறிந்து, யாவரும் அறிந்ததை எவருக்கும் விளங்காதபடி சொல்லும் அக்கலை எதற்கு என்று பால் டிராக் வினவியதாக ஒரு கதை வழங்குகிறது. கவிஞர்கள் அவரைப் பொறுத்தருளலாம். தாம் எழுதிய ஒரு வரிக்காக அவர் பட்ட பாடு அவர்கள் அறிந்த பாடுதான்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1902ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறிய பிரெஞ்சு மொழியாசிரியர். உணவு மேசையில் மகன் தம்மோடு பிரெஞ்சிலேயே பேசவேண்டும் என்பது அவரிட்ட கட்டளை. எண்ணியதை அம்மொழியில் சொல்லவியலாத சிறுவன் பேசாதிருக்கப் பழகினான். பிற்காலத்தில் டிராக்கே நினைவுகூர்ந்த செய்தி இது. 1925இல் தமையனார் பெலிக்ஸ் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவ்வீட்டில் பேசப்படாமற் போனவை எத்தனையோ!

மின்பொறியியலில் பட்டம் பெற்றும் வேலை கிட்டவில்லை. கணிதம் பயின்று, 1923இல் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஹைசன்பர்க்கும் ஷ்ரோடிங்கரும் குவாண்டம் இயற்பியலை உருவாக்கினர். ஆயின் அவர்தம் விதிகள் மெல்ல நகரும் துகள்களுக்கே பொருந்தின. ஒளியின் வேகத்தை நெருங்கும் எலக்ட்ரானுக்கு ஐன்ஸ்டைனின் சார்பியலும் வேண்டும். இரண்டையும் இணைக்க எழுந்த கிளைன்-கார்டன் சமன்பாட்டிலோ, துகள் ஓரிடத்தில் இருப்பதற்கான நிகழ்தகவு சுழியினும் குறைந்து வந்தது. பொருளற்ற விடை அது. காலத்தைச் சார்ந்த மாறுவீதம் அதில் இரண்டாம் படியில் நின்றதே காரணம். காலமும் இடமும் முதற்படியிலேயே நிற்கும் சமன்பாட்டை டிராக் தேடினார். தனி எண்களால் அது கைகூடவில்லை. நான்கு நிரையும் நான்கு நிரலும் கொண்ட அணிகளைக் கையாண்டார். (கணிதத்தார் அணி என்பது எண்களின் அடுக்கு, அலங்காரமன்று.) 1928இல் சமன்பாடு வெளியாயிற்று. முந்திய ஆண்டில் பவுலி புறத்திலிருந்து சேர்த்திருந்த எலக்ட்ரானின் தற்சுழற்சி, இங்கே எவரும் சேர்க்காமலே தானாக வந்து அமைந்தது.

உடன் ஓர் இடரும் வந்தது. சார்பியலில் ஆற்றலின் வர்க்கத்துக்கு மூலம் காணின் நேர்மம், எதிர்மம் என இரு விடைகள் உண்டு. பழைய இயற்பியலில் எதிர்ம விடையை அடித்துவிட்டு மேலே செல்லலாம். குவாண்டம் உலகிலோ எலக்ட்ரான் நிலைவிட்டு நிலை தாவும். அந்தப் பக்கம் போகாதே என்று தடுக்க வழியில்லை. எதிர்ம நிலைகளெல்லாம் ஏற்கெனவே எலக்ட்ரான்களால் நிரம்பியுள்ளன என்றும், அக்கடலில் ஓரிடம் வெறுமையானால் அது நேர்மின் துகளாகத் தோன்றும் என்றும் டிராக் கருதினார். அன்று அறியப்பட்ட நேர்மின் துகள் புரோட்டான் ஒன்றே. 1930இல் அவ்வெற்றிடமே புரோட்டான் என எழுதினார். எலக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 1836 மடங்கு நிறையுடையது புரோட்டான்! சமன்பாடு சொன்னதை முழுதும் சொல்ல அவருக்கே துணிவு வரவில்லை எனல் வேண்டும். நிறைகள் ஒத்திருக்கவேண்டும் என்று வெய்ல் முதலியோர் சுட்டிக்காட்டினர். 1931இல், எலக்ட்ரானின் நிறையும் நேர்மின்னேற்றமும் கொண்ட, எவரும் கண்டிராத துகள் ஒன்று உண்டென டிராக் எழுதினார். மறு ஆண்டே, அவர் கூற்றைத் தேடிப் புறப்படாத கார்ல் ஆண்டர்சன், கலிபோர்னியாவில் காஸ்மிக் கதிர்களைப் படம்பிடிக்கையில் அதன் தடத்தைக் கண்டார். பாசிட்ரான் எனப் பெயர் பெற்றது.

1933இல் ஷ்ரோடிங்கருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது டிராக்கின் அகவை 31. நியூட்டன் வகித்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவியில் 1932 முதல் 1969 வரை இருந்தார். இறுதி ஆண்டுகளை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கழித்து, 1984ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் மறைந்தார். 1995இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டன் கல்லறையின் அருகே அவருக்கு நினைவுக்கல் பதித்தனர். பெயரும் ஆண்டுகளும் தாங்கிய அக்கல்லில் அவருடைய சமன்பாடும் பொறிக்கப்பட்டுள்ளது. சில குறிகளே கொண்ட ஒரே வரி.