மாணவர்களுக்காக ஜெர்மன் படித்த விஞ்ஞானி



நான் எழுதப்போவது விஞ்ஞானி சத்யேந்திரநாத் போஸ் பற்றி. இவர் 1894 ஜனவரி 1-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் மேகநாத் சாகா இவரோடு ஒரே வகுப்பு.

1916-ல் இருவரும் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார்கள். ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கையை மாணவர்களுக்குச் சொல்லித்தர ஆசை. ஆனால் கட்டுரை எல்லாம் ஜெர்மன் மொழியில். முதல் உலகப்போர் வேற, ஜெர்மன் புத்தகம் கிடைப்பதே கஷ்டம். சளைக்காமல் ஜெர்மன் படித்தார்கள். 1905-ல் வந்த சிறப்புச் சார்பியல் கட்டுரையைச் சாகாவும், 1916-ல் வந்த பொதுச் சார்பியல் கட்டுரையைப் போஸும் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்கள். 1920-ல் பல்கலைக்கழகமே அதைப் புத்தகமாகப் போட்டது.

சார்பியல் ஏன் கஷ்டம் தெரியுமா? ஒளி ஒரு செகண்டுக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். அதற்குக் கொஞ்சம் குறைந்த வேகத்தில் ஒரு கடிகாரம் நம்மைக் கடந்து போனால், அது மெதுவாக ஓடுவதாக நாம் கணக்கிடுவோம். ராக்கெட்கூட அந்த வேகத்தில் போகாது. அதனால் போஸிடம் படித்தவர்கள் கணக்குப் போட்டு மனசுலதான் பார்க்கணும்.

இப்போ கம்ப்யூட்டர் இருக்கு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. 2012-ல் ஒரு விளையாட்டு வெளியிட்டது. அதில் 100 உருண்டைகளைப் பொறுக்கணும். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் ஒளியின் வேகம் குறையும். கடைசியில் நாம் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும்! அப்போ நாம் நகர்ந்தால் நிறமெல்லாம் மாறும், வீடு வளையும். எங்க ஊரில் சேலை பார்டர் டிசைனைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுத்தான் ஜக்கார்டு அட்டை குத்துவாங்க. நெய்யாத சேலையைப் பார்க்கிற மாதிரி, நாம் போக முடியாத வேகத்தையும் பார்க்கலாம். ஆனா எனக்குப் படம் மட்டும் பார்த்தப்ப ஒண்ணும் புரியல. டீச்சர் தமிழில் சொன்ன பிறகுதான் காரணம் புரிந்தது.

போஸும் இதைத்தான் நினைத்தார். 1924-ல் டாக்காவிலிருந்து ஒளி பற்றிய தன் கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீனே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட வைத்தார். போசான் என்ற துகள் வகைக்கு இவர் பெயர்தான். இவ்வளவு புகழ் வந்த பிறகும், தாய்மொழியில் அறிவியல் சொல்லணும் என்று 1948-ல் வங்காள அறிவியல் சங்கம் தொடங்கினார். 1974 பிப்ரவரி 4-ந் தேதி மறைந்தார்.

சார்பியல் நமக்கு வராது என்று யாரும் சொல்லாதீங்க. புரிந்த அளவுக்குத் தமிழில் எழுதி இந்தப் பலகையில் ஒட்டுங்க. அடுத்த வருஷம் வர்ற தங்கச்சிகளுக்கு உதவும்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி