மொழியறிஞர் தோப்ரோவ்ஸ்கி

செக் மொழியறிஞர் யோசெப் தோப்ரோவ்ஸ்கி 1753இல் அங்கேரியில் பிறந்தார். இளமையில் அவர் நாவில் பழகியது ஜெர்மன். பெற்றோரின் செக் மொழியைப் பள்ளி நாள்களிலேயே பயின்றார். இந்தியாவில் சமயப் பணியாற்றும் விழைவுடன் 1772இல் இயேசு சபையில் சேர்ந்தார். மறு ஆண்டே சபை கலைக்கப்பட்டது. வந்திருந்தால் வீரமாமுனிவர் வழியில் இன்னோர் இலக்கணி நமக்கு வாய்த்திருக்கலாம். ஆசை யாரை விட்டது?

1792இல் சுவீடனுக்கும் ரஷ்யாவுக்கும் சென்று பழஞ்சுவடிகளைத் தேடினார். விண்மீனை ரஷ்யர் ‘ஸ்வெஸ்தா’ என்பர். செக் மக்கள் ‘ஹ்வியெஸ்தா’ என்பர். போலந்தினர்க்கு அது ‘க்வியாஸ்தா’. இத்தகைய ஒலித்திரிபுகளைக் கொண்டு ஸ்லாவிய மொழிகளை இரு கிளைகளாகப் பகுத்தார். செக் இலக்கணத்தை 1809இல் ஜெர்மனிலும், பழைய ஸ்லாவிய இலக்கணத்தை 1822இல் இலத்தீனிலும் வெளியிட்டார். செக் மொழி உயரிலக்கியத்தைத் தாங்குமா என்னும் ஐயம் அவரை விட்டு நீங்கவில்லை. கவிஞர்களுக்கு இது கசக்கும், எனக்கும் கசக்கிறது.

1818இல் பிராக் அருங்காட்சியகத்திற்கெனப் பெயரிலியாக ஒரு கவிதைச் சுவடி வந்தது. செக் மொழியின் பெருந்தொன்மைக்குச் சான்றென்று பற்றாளர் பூரித்தனர். தோப்ரோவ்ஸ்கியோ அது போலி என்று 1824இல் அச்சிலேயே அறிவித்தார். தம் மாணாக்கர் மீதே ஐயுற்றார். மொழிப்பற்றில்லாதவர் என்னும் பழி வந்து சேர்ந்தது. சொன்னதை மாற்றிக்கொள்ளாமலே 1829இல் புர்னோ நகரில் மறைந்தார். அச்சுவடி போலியே என்பதை 1886இல் கெபவுயெர் மொழிச் சான்றுகளால் எடுத்துக்காட்டினார்.