ஸர் ஜார்ஜ் பீட்ஸன்

ஆரணியில் பட்டுத்தறியின் அருகே சிறிது நேரம் நின்றோர் ஒன்றை அறிவர். சேலைக் கரையிற் பூவேலை பிழைபடின், கைதேர்ந்த நெசவாளர் துணியை மட்டும் நோக்கியிரார். தலை நிமிர்ந்து, பாவிழைகளைத் தூக்கிவிடும் ஜக்கார்டுப் பெட்டியையும் அதன் அட்டைகளையும் ஆராய்வார். குறை தோன்றும் இடம் ஒன்று. காரணம் உள்ள இடம் மற்றொன்று. இவ்வுண்மையை மனித உடலிற் கண்டு, மாதர் பலருக்கு உயிர் நீட்டிக்கும் வழி திறந்தவர் ஸர் ஜார்ஜ் தாமஸ் பீட்ஸன் என்னும் அறுவை மருத்துவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கியுரைப்பாம்.

பீட்ஸன் 1848-ஆம் ஆண்டில் இலங்கையின் திருகோணமலையிற் பிறந்தார். தந்தையார் படை மருத்துவர். கேம்பிரிட்ஜிற் கற்றபின், எடின்பரோவில் மருத்துவம் பயின்று, புகழ்பெற்ற லிஸ்டரின்கீழ்ப் பணியாற்றும் பேறும் பெற்றார். மேற்கு ஸ்காட்லாந்தில் நோயாளர் ஒருவரைப் பேணிவந்த காலத்து, அண்டைப் பண்ணையில் ஆட்டுக்குட்டிகள் பால் மறக்கும் பருவத்தைக் கண்டார். அதுமுதல் பால் சுரக்கும் விதத்தில் அவர் கருத்துச் சென்றது. 1878-இல் எம்.டி. பட்டத்திற்கும் அதனையே பொருளாகக் கொண்டார். சில நாட்டு உழவர் பசுவின் சூலகத்தை நீக்கி நெடுநாள் பால் கறப்பர் என்பதையும் அறிந்தார். மார்பிற்கும் சூலகத்திற்கும் நேரான நரம்புத் தொடர்பு புலப்படவில்லை. எனினும் ஒன்று மற்றொன்றை ஆளுகின்றதென அவர் துணிந்தார்.

1895-இல் கிளாஸ்கோ நகரில், முப்பத்துமூன்று வயதுள்ள மாது ஒருவர் அவர்பால் வந்தார். மார்புப் புற்றுநோய்க்கு முன்னரே அறுவை நிகழ்ந்திருந்தும், நோய் மீண்டு பரவியிருந்தது. இனி அறுத்து நீக்கலும் இயலாது. பீட்ஸன் உண்மை நிலையை அவர்க்கும் கணவர்க்கும் மறையாது கூறி, இசைவு பெற்று, அம்மாதின் சூலகங்களை நீக்கினார். சில திங்களிற் கட்டி சுருங்கி மறைந்தது. அம்மாது ஏறத்தாழ நான்கு ஆண்டு வாழ்ந்தார்.

1896-இல் பீட்ஸன் இதனை லான்செட் இதழில் வெளியிட்டார். பிறரும் இம்முறையைக் கையாண்டனர். ஆனால் மூவருள் ஒருவரே பயனடைந்தனர். ஏனையோர்க்கு அறுவையின் துன்பமே எஞ்சிற்று. யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதை முன்னறிய அக்காலத்து வழியில்லை.

விபத்துற்றோர்க்கு முதலுதவி புரியும் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கத்திற்கும், ஸ்காட்லாந்துச் செஞ்சிலுவைப் பணிக்கும் பீட்ஸன் பெரிதும் உழைத்தார். 1933-இல் உயிர் நீத்தார். கிளாஸ்கோவின் புற்றுநோய் மருத்துவ நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவரை வருத்திய வினாவிற்கு விடை பின்னரே கிடைத்தது. சூலகம் குருதியிற் கலந்துவிடும் ஈஸ்ட்ரோஜென் என்னும் பொருள் 1929-இல் தூயதாகப் பிரித்தெடுக்கப்பட்டது. 1950-களின் இறுதியில் சிகாகோவின் எல்வுட் ஜென்ஸன், அப்பொருளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி சில உயிரணுக்களில் உண்டெனக் காட்டினார். ஏற்பியில்லாப் புற்றிற்குச் சூலகத்தை நீக்குவதாற் பயனில்லை. மூவருள் இருவர் பயன்பெறாமைக்கு இதுவே தலையாய காரணம்.

அதன்பின் கத்தியின் வேலையை மருந்து ஏற்றது. 1962-இல் இங்கிலாந்தில் ஆக்கப்பெற்ற டமாக்ஸிபென், மார்பில் ஈஸ்ட்ரோஜெனைத் தடுக்கும். எலும்பிலோ அதனைப்போன்றே நன்மை செய்யும். நம் நாட்டு லக்னோ மத்திய மருந்தாராய்ச்சி நிலையத்தார் கண்ட சென்ட்குரோமானும் இவ்வினத்ததே. 1996-இல் இரண்டாவது ஏற்பி வெளிப்பட்டபின், இரண்டனுள் ஒன்றையே தேர்ந்து பற்றும் பொருள்களை ஆய்வுக்கூடத்தார் ஆக்கி, ஒவ்வோர் ஏற்பியின் தொழிலையும் தனித்தனி ஆராய்கின்றனர். ஜக்கார்டு அட்டையிலுள்ள துளை வேண்டிய இழையைத் தூக்கி, ஏனையவற்றை விட்டுவிடுவது போன்றது இது.

பீட்ஸன் இவற்றுள் ஒன்றையும் கண்டாரல்லர். ஏற்பி என்னும் கருத்தும் அவர்காலத்துத் தெளிவுறவில்லை. ஆயினும் பண்ணையிற் கண்ட எளிய காட்சியை இகழாது சிந்தித்தார்; கைவிடப்பட்ட ஒரு தாயிடம் உண்மை பேசித் தம்மாலியன்றதைச் செய்தார்; பெற்ற பயனை உலகறிய எழுதிவைத்தார். தேர்வுக்கு வேண்டுவது மட்டும் போதுமெனப் படிக்கும் மாணவராகிய நாம் அவர் வாழ்விற் கற்கவேண்டுவது இதுவேயாம்.