கொடுமுடி சுந்தராம்பாள் அம்மையார்

காவிரிக் கரையிலே, மூவர் பாடல் பெற்ற கொடுமுடி என்னுந் தலத்திலே, 1908ஆம் ஆண்டு, வறிய குடும்பமொன்றிலே சுந்தராம்பாள் பிறந்தார். இளமையிலே தந்தையை இழந்தமையால், சிறு பராயத்திலேயே புகைவண்டியிற் பாடிப் பொருளீட்டலாயினார். அக்குரலினிமையே அவரை நாடக சபையிற் சேர்த்தது.

ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்திலே, கொட்டகையின் கடைசி வரிசையிலிருப்பார்க்குஞ் சொல் விளங்கப் பாடவல்லாரே நடிகராய் விளங்கினர். அவ்வாற்றல் அம்மையார்பால் நிரம்ப இருந்தது. இலங்கைக்கு வந்தபோது, கொழும்பிலே செங்கோட்டை கிட்டப்பாவுடன் நடிக்கலாயினார். வள்ளி திருமணத்திலே ஒருவர் பாட்டுக்கு மற்றவர் பாட்டால் விடையிறுக்கும் நயத்தை நுகர்தற்குச் சனங்கள் திரண்டனர். 1927இல் இருவரும் மணம் புரிந்தனர். 1933இற் கிட்டப்பா 27 வயதிலே காலமாயினார்.

அப்பொழுது அம்மையாருக்கு வயது 25. வெள்ளுடை தரித்தார், ஆடவரோடு சோடியாக நடித்தலைத் துறந்தார், பாட்டை மாத்திரம் துறந்தாரல்லர். 1935இல் வெளிவந்த படத்திலே தாமே நந்தனாராக நடித்தற்கு ஒரு லட்சம் ரூபா பெற்றார். 1953இல் ஔவையாராகத் தோன்றினார். முதுமையிலும் கச்சேரி மேடைகளிலே முருகன் புகழைப் பாடினார். 1970இற் பத்மஸ்ரீ விருது பெற்று, 1980இல் இறைவனடி சேர்ந்தார்.

திருமுறை பயிற்றும் ஆசிரியர்கள் அவர் பாட்டிலே சிறப்பாகக் கவனிக்கத்தக்கது சொற்றெளிவேயாம். எத்துணை உச்சத்திற் பாடினும் ஓரெழுத்தேனுஞ் சிதையாமையால், இசையோடு பொருளுங் கேட்பார் உள்ளத்திற் பதிந்தது. மாணாக்கர்க்கு இசைத்தட்டிலே அவர் பாட்டொன்றைக் கேட்பித்துப் பின் பண் பயிற்றுவது பெரும்பயன் தரும்.